‘ஆமாம்’ என்றால் ஆமாம்தானா? கேப்டன் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. வேறு நாட்டிலிருந்து வந்தவரோடு, வேறு பழக்கத்தில் வளர்ந்தவரோடு வேலை செய்யும்போது ஏற்படும் உரசல்கள். 28 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் இருந்தவன் நான். கடைசி 11 ஆண்டுகள் கேப்டன். இருபது பேர் இருக்கும் கப்பலில் நான்கைந்து நாட்டவர் இருப்பார்கள். சண்டை வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட முடியாது. அடுத்த துறைமுகம் வரும்வரை அதே முகங்கள்தான். அங்கே பட்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். என் அனுபவங்களில் வருபவர்கள் எந்த நாட்டவர் என்று மட்டும் எழுத மாட்டேன். எழுதினால், நாளைக்கு அந்த நாட்டுக்காரர் ஒருவரைப் பார்த்ததும் உங்களுக்கு என் கதைதான் ஞாபகம் வரும். அது அவருக்கு நான் செய்யும் அநியாயம்.

“எங்கள் டீமில் ஒருவர் வேறு நாட்டிலிருந்து வேலை செய்கிறார். வாராந்திர அழைப்பில் எதைக் கேட்டாலும் ‘யெஸ், யெஸ்’ என்பார். வெள்ளிக்கிழமை பார்த்தால் பாதிகூட முடிந்திருக்காது. மூன்று மாதமாக இதே கதை. மேலாளர் அவரைப் பொய்யர் என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.”
*ஒரு டீம் லீட், வாசகி*

அம்மா, பொய்யர் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஓர் இரவு நடந்ததைக் கேளுங்கள். அப்போது நான் சீஃப் ஆபீசர், கேப்டனுக்கு அடுத்த பதவி. சரக்கை இறக்க இறக்க, கப்பலின் சமநிலைக்காக அடித் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றுவோம். மூன்றாம் நம்பர் தொட்டி நிரம்பும் நேரம். வாக்கிடாக்கியில் மூன்றாம் ஆபீசரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்: “மூணாம் நம்பர் வால்வை இன்னும் மூடலையா?” அவர் “யெஸ் சார்” என்றார். மூடிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். இருபது நிமிடத்தில் தொட்டியின் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் பொங்கி, டெக் முழுக்க ஓடியது. கரையில் இருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். எல்லோர் முன்னாலும் “ஏன் பொய் சொன்னாய்?” என்று அவரிடம் கத்தினேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள், டெக் ஊழியர்களின் தலைவரான எங்கள் போசன்தான் புரியவைத்தார். அந்தப் பையனின் தாய்மொழியில் ‘மூடலையா?’ என்று கேட்டால் ‘ஆமாம், மூடல’ என்பதுதான் பதில். நாமும் தமிழில் அப்படித்தானே சொல்கிறோம்? ஆங்கிலத்தில் அதே ‘யெஸ்’ ‘மூடிவிட்டேன்’ என்று ஆகிவிடும். அவர் சொன்னது சத்தியமான உண்மை. என் தாய்மொழியிலும் இதே வழக்கம் இருந்தும், வருடக்கணக்கில் ஆங்கிலத்திலேயே வேலை பார்த்த என் காதுக்கு அது எட்டவில்லை. அன்று மாலை அவர் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஆக, ‘யெஸ்’ பல வகை. ‘நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பது ஒன்று. ‘உங்கள் மீது மரியாதை வைத்திருக்கிறேன்’ என்பது இன்னொன்று. ‘முடியுமா தெரியாது, முயற்சி செய்கிறேன்’ என்பதும் ‘யெஸ்’தான். ‘முடியாது’ என்று பெரியவர்கள் முகத்துக்கு நேரே சொல்வதே தப்பு என்று வளர்க்கப்பட்டவருக்கு, பத்துப் பேர் இருக்கும் அழைப்பில் வேறு எந்த வார்த்தை வரும்?

கடலில் இதற்கு வழி கண்டிருக்கிறோம். சுக்கான் பிடிப்பவருக்கு ‘இடப்பக்கம் பத்து’ என்று கட்டளை கொடுத்தால் அவர் ‘சரி’ என்று சொல்லக் கூடாது. ‘இடப்பக்கம் பத்து’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொடர்பு வாக்கியத் தொகுப்பும் இதையே சொல்கிறது. கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் அதோடு முழு வாக்கியமும் வர வேண்டும். ஒரு வேலையைச் செய்யச் சொன்னால், ‘இன்னதைச் செய்வேன்’ அல்லது ‘இன்னதைச் செய்ய முடியாது’ என்று அந்த வேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறும் தலையாட்டலுக்கு அங்கே இடமில்லை.

நீங்களும் இனி ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கேட்காதீர்கள். ‘வெள்ளிக்குள் முடியுமா?’ என்பதற்குப் பதிலாக, ‘இதில் முதலில் எதை எடுப்பீர்கள், புதன்கிழமைக்குள் எதுவரை வரும்?’ என்று கேளுங்கள். ‘ஏதாவது பிரச்னையா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். ‘இதைத் தாமதப்படுத்தக்கூடிய இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அப்போது சிக்கலைச் சொல்வதே அவருடைய கடமை ஆகிவிடுகிறது. சொல்வதில் அவமரியாதை இல்லை. இதைக் கூட்டத்தில் கேட்காமல் இருவர் மட்டும் இருக்கும் அழைப்பில் கேளுங்கள். முதல் முறை அவர் ‘இது முடியாது’ என்று சொல்லும் நாளில் உங்கள் குரலில் எரிச்சல் தெரிந்தால், அடுத்த முறை மறுபடியும் ‘யெஸ்’தான் வரும்.

இவ்வளவும் செய்து, வழியும் விட்டு, இரண்டு மாதம் பார்த்த பிறகும் வேலை நடக்கவில்லை என்றால் அது வேலைத் திறன் பற்றிய விஷயம். அதை அப்படியே பேசலாம். ஆனால் இன்றைய நிலையில் உங்கள் மேலாளர் சொல்லும் வார்த்தையை நீங்கள் வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

“புதிதாக வந்த வெளிநாட்டு மேலாளர், ஒன்பது பேர் முன்னிலையில் ‘இந்த அறிக்கையின் மூன்றாம் பகுதி தவறு, திரும்ப எழுதுங்கள்’ என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கூட்டங்களில் நான் வாய் திறப்பதில்லை. 14 ஆண்டு அனுபவம் உள்ளவனை இப்படியா நடத்துவது?”
*வாசகர், வயது 41*

தம்பி, உங்களுக்கு வலித்தது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் எறிந்த கல்லும் உங்கள் மேல் விழுந்த கல்லும் ஒரே எடையா என்று மட்டும் பாருங்கள். சில இடங்களில் பள்ளிக்கூடத்திலிருந்தே பிழையை எல்லோர் முன்னாலும் பிழை என்றுதான் சொல்வார்கள். அங்கே அது உங்களை மதித்து, உங்கள் வேலையை ஊன்றிப் படித்ததன் அடையாளம். மூன்றாம் பகுதி தவறு என்றால், மற்ற பகுதிகள் சரி என்பதும் அதில் அடக்கம். அதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. வேறு இடத்தில் ‘நல்லா வந்திருக்கு, மூணாவது பகுதியை மட்டும் இன்னொரு தடவை பார்த்துடலாமா?’ என்பார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றேதான். இரண்டாவது வழக்கத்தில் வளர்ந்தவர் காதில் முதலாவது விழும்போது, அது பத்து மடங்கு பெரிதாகக் கேட்கிறது.

இதன் மறுபக்கத்தில் நின்றவன் நான். கேப்டனான இரண்டாம் ஆண்டு. கப்பலில் உள்ள கடல் வரைபடங்களைத் திருத்தி வைப்பது செகண்ட் ஆபீசரின் பொறுப்பு. ஒரு திருத்தம் விட்டுப்போயிருந்தது. கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில், துறைமுகத்துக்கு வழிகாட்ட ஏறிய பைலட்டும் சுக்கான் பிடிப்பவரும் நிற்கும்போதே ‘இதைக்கூடச் சரியாகச் செய்ய முடியாதா?’ என்று கேட்டுவிட்டேன். ஒரே வாக்கியம். எனக்கு அது அத்தோடு முடிந்துபோனது. அவருக்கு முடியவில்லை.

செகண்ட் ஆபீசரின் இரவுக் காவல் பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரை. ‘சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் என்னை எழுப்பு’ என்று கேப்டன் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் புத்தகம் பிரிட்ஜில் இருக்கும். ஒன்பது நாள் கழித்து ஓர் இரவு தற்செயலாக விழித்துக்கொண்டேன். ஜன்னல் வழியே பார்த்தால் சுற்றிலும் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள். ஓடி மேலே போனேன். அவர் வியர்த்துப்போய், ராடாருக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தார். என்னைக் கூப்பிடவில்லை. ‘ஏன் எழுப்பவில்லை?’ என்றேன். ‘இதைக்கூடச் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன்’ என்றார். என்னுடைய அதே வார்த்தைகள்.

படகுகளைக் கடந்த பிறகு, அதே சுக்கான்காரர் இருக்கும்போதே அவரிடம் வருத்தம் தெரிவித்தேன். யார் முன்னால் குறைத்தேனோ அவர் முன்னாலேயே அதைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் மேலாளருக்கு நீங்கள் வாய் மூடிக்கொண்டது தெரிந்திருக்குமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். மௌனத்தைக் கோபமாகப் படிக்கத் தெரிவதும் ஒரு பழக்கம். அவருடைய ஊரில் மௌனம் என்றால் ‘ஆட்சேபம் இல்லை’ என்று அர்த்தமாக இருக்கலாம். அவரைத் தனியாகச் சந்தித்து இப்படிச் சொல்லுங்கள்: ‘நீங்கள் சுட்டிய பிழை சரிதான், திருத்திவிட்டேன். ஆனால் எல்லோர் முன்னாலும் சொல்லும்போது எனக்கு அது பெரிய விஷயமாகிவிடுகிறது. பெரிய திருத்தங்கள் இருந்தால் முதலில் எனக்கு மட்டும் சொல்லுங்கள்; எவ்வளவு நேராகச் சொன்னாலும் பரவாயில்லை.’ நேராகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தங்களிடம் நேராகப் பேசுவதை ஏற்றுக்கொள்வார்கள். அவர்களோடு பழகுவதில் இருக்கும் பெரிய வசதி அது.

“நான் பணிவாகக் குறிப்பாகச் சொன்னேன். மேலதிகாரி புரிந்துகொள்ளவில்லை. வேலை கெட்டுப்போனதும் ‘ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?’ என்கிறார். பணிவாகப் பேசுவது தவறா?”
*வாசகி, பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்*

தவறில்லை அம்மா. ஆனால் கேட்பவருக்கு அந்தப் பணிவின் மொழி தெரிந்திருக்க வேண்டும். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1976இல் இதை விளக்கினார். சில சமூகங்களில் பேச்சின் பெரும்பகுதி சூழலில் இருக்கிறது: யார், எப்போது, எந்தத் தொனியில், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதில். வேறு சமூகங்களில் வார்த்தையில் இருப்பதுதான் செய்தி. முதல் வகையில் வளர்ந்தவர் குறிப்புக் கொடுக்கிறார். இரண்டாம் வகையில் வளர்ந்தவர் வார்த்தைக்காகக் காத்திருக்கிறார். இருவருமே தங்கள் கடமையைச் செய்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

1990 ஜனவரி 25 அன்று ஏவியான்கா 52 என்ற விமானம் கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்தது. மோசமான வானிலை; ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் காத்திருக்க வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. விமானக் குழு ‘முன்னுரிமை’ கேட்டது. முதல் முறை இறங்க முடியாமல் மேலே ஏறியபோது, ‘அவசரநிலை என்று சொல்’ என்று கேப்டன் துணை விமானியிடம் சொன்னார். துணை விமானி கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னது, இன்னொரு முறை முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது மட்டுமே. ‘அவசரநிலை’ என்ற அந்த ஒரு சொல் கடைசிவரை வானொலியில் போகவே இல்லை. அந்தச் சொல் இல்லாமல் கட்டுப்பாட்டாளர்களுக்கு அது அவசரநிலை ஆகவில்லை. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல உண்டு. ஆனால் அந்தச் சொல் வராமல் போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். சொல்லிவிட்டோம் என்றே அந்த இளைஞர் நம்பியிருப்பார்.

நீங்கள் அதிகாரியிடம் பேசும்போது நான்கு விஷயங்கள் வாக்கியத்தில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்: நான் பார்த்தது என்ன, அதனால் எனக்கு என்ன கவலை, என்ன செய்யலாம் என்று நினைக்கிறேன், உங்கள் முடிவு என்ன. ‘சார், சோதனையில் மூன்று இடத்தில் பிழை வருகிறது. இப்படியே அனுப்பினால் வாடிக்கையாளரிடம் நின்றுவிடும் என்று பயப்படுகிறேன். ஒரு நாள் தள்ளி அனுப்பலாமா? இன்று மாலைக்குள் சொன்னால் நல்லது.’ இதில் எங்கே பணிவு குறைந்தது? கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதில் கேட்காமல் முடித்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். கூட்டம் முடிந்ததும் அதையே இரண்டு வரியில் எழுதியும் அனுப்பிவிடுங்கள்.

“மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார்கள். எனக்கு நாக்கு வரவில்லை.”
*வாசகர்*

வராவிட்டால் ‘சார்’ என்றே கூப்பிடுங்கள். ஏன் என்று அவரிடம் ஒரு முறை சொல்லிவிடுங்கள், போதும். ஆனால் பெயர் சொல்லிப் பழகுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன்னால் அறையில் உள்ள அனைவரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. ஒரு முறை வாய் திறந்து பேசியவருக்கு, பிறகு தவறைக் கண்டால் மறுபடி திறப்பது எளிது.

“எங்கள் பிரிவில் ஐந்து பேர் ஒரே நாட்டவர். அவர்களுடைய மொழியில் பேசிச் சிரிக்கிறார்கள். நான் போனால் நிறுத்திவிடுகிறார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது. வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை.”
*பெயர் வெளியிட விரும்பாத வாசகி*

தனியாக இருப்பவருக்கு எல்லாச் சிரிப்பும் தன்னை நோக்கியே வரும். கப்பலில் ஆறு மாதம் என் மொழி பேச ஒருவரும் இல்லாமல் இருந்திருக்கிறேன். அது எப்படி உள்ளே அரிக்கும் என்று தெரியும்.

அவர்கள் பக்கமும் ஒன்று சொல்கிறேன். நாள் முழுக்க இன்னொரு மொழியில் வேலை செய்வது களைப்பு. மதியத்துக்குப் பிறகு வார்த்தை தேடித் தேடி மூளை சோர்ந்துவிடும். தாய்மொழிக்கு நழுவுவது அப்போது மூச்சு விடுவது மாதிரி. நீங்கள் வந்ததும் நிறுத்துவதுகூட, உங்களுக்குப் புரியாத மொழியில் பேசக் கூடாது என்ற மரியாதையாக இருக்கலாம். உங்களுக்கு அது மறைப்பதாகத் தெரிகிறது.

கப்பலுக்கு ஒரு சட்டம் உண்டு. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின்படி, ஒவ்வொரு கப்பலிலும் வேலைமொழி எது என்று முடிவு செய்து பதிவேட்டில் எழுத வேண்டும். நான் கேப்டனாக இருந்தபோது அதை இப்படி நடத்தினேன்: வேலை, பாதுகாப்பு, அங்கே நிற்கும் எவரையும் பாதிக்கும் எந்தப் பேச்சும் வேலைமொழியில். ஓய்வு நேரத்தில் அவரவர் மொழி. அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. உங்கள் மேலாளரிடம் இந்த மாதிரி ஒரு ஏற்பாட்டைக் கேளுங்கள். யார் மீதும் புகாராகக் கொண்டுபோகாதீர்கள். ‘வேலை பற்றிய சில முடிவுகள் எனக்குத் தெரியாமல் போகின்றன’ என்று, நடந்த இரண்டு உதாரணங்களோடு சொல்லுங்கள். அந்த ஐவரில் உங்களோடு கொஞ்சமாவது பேசுகிற ஒருவர் இருப்பார். அடுத்த முறை சிரிப்புக் கேட்டால் அவரிடம், ‘எனக்கும் சொல்லேன்’ என்று கேட்டுப் பாருங்கள்.

“நான் ஒரு பொறியாளர். குழுவில் ஒருவர் நான் சொல்லும் எதையும், என் கீழ் வேலை செய்யும் ஆண் ஊழியரிடம் மறுபடி கேட்டு உறுதி செய்த பிறகே செய்கிறார். மேலாளரிடம் சொன்னேன். ‘அவர் ஊர் கலாச்சாரம் அப்படி, கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்’ என்கிறார்.”
*வாசகி*

அனுசரிக்க வேண்டாம்.

இதுவரை மேலே எழுதியதெல்லாம் பேசும் விதத்தைப் பற்றியது. இது உங்கள் பதவியை மறுப்பது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் ‘பண்பாடு’ என்று சீட்டு ஒட்டுவதை நான் பல அதிகாரிகளிடம் பார்த்திருக்கிறேன். தலையிடும் சிரமத்திலிருந்து தப்பிக்க அது வசதியான சொல். வேலையிலும் தொழிலிலும் பாலினத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1958இலேயே, 111ஆம் உடன்படிக்கையில் எழுதிவிட்டது. பணியிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரான 190ஆம் உடன்படிக்கை 2019இல் வந்தது. இவற்றை எழுதியவர்கள் ஒரே நாட்டவர் அல்ல. உலகெங்கிலுமிருந்து அரசுகளும் முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து எழுதியவை. ‘எங்கள் ஊரில் இப்படி’ என்ற வாதம் அங்கே சொல்லிப் பார்க்கப்பட்டிருக்காதா?

அந்த ஊழியரின் ஊரிலும் பெண்களின் சொல்லை மதித்து வேலை செய்யும் ஆண்கள் இருப்பார்கள். ‘அவர் ஊர் கலாச்சாரம்’ என்று சொல்லும் உங்கள் மேலாளர் அவர்களையும் சேர்த்து அவமதிக்கிறார்.

முதலில் அந்த ஊழியரிடம் நீங்களே நேராக, ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: ‘இந்த வேலையில் முடிவு என்னுடையது, சந்தேகம் இருந்தால் என்னிடம் கேளுங்கள்.’ உங்கள் கீழ் வேலை செய்யும் அந்த இளைஞரிடமும் சொல்லிவையுங்கள். அடுத்த முறை அவரிடம் வந்து கேட்டால், ‘மேடத்திடமே கேளுங்கள்’ என்பது மட்டுமே அவர் பதிலாக இருக்க வேண்டும். பலரும் இந்த இரண்டாவது காரியத்தை மறந்துவிடுவார்கள். பலன் தருவது அதுதான். தேதி, நேரம், நடந்தது என்று குறித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் மாறவில்லை என்றால் மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அவர் மறுபடி அனுசரிக்கச் சொன்னால், அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள்; அதோடு அவருக்கு மேலே போங்கள்.

“எந்த நாட்டவரிடம் எப்படிப் பழக வேண்டும் என்று நாடுவாரியாக அட்டவணை போட்டுப் பயிற்சி கொடுக்கிறார்கள். அது உதவுமா?”
*வாசகர், மனிதவளத் துறை*

அட்டவணைகளின் தாய், ஹாஃப்ஸ்டெட் என்ற நெதர்லாந்து அறிஞரின் ஆய்வு. 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களைச் சேகரித்து, 1980இல் வெளியிட்டார். மேலதிகாரிக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் உள்ள தூரத்தை எந்தச் சமூகம் எவ்வளவு இயல்பாக ஏற்கிறது என்பதற்கு ‘அதிகார இடைவெளி’ என்ற பெயரைப் பயன்படுத்தினார். பயனுள்ள வேலை. ஆனால் அது நாட்டை நாட்டோடு ஒப்பிடும் அளவுகோல். உங்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பவரை அதை வைத்து அளக்கக் கூடாது என்று அவரே எச்சரித்தார்.

அந்த அளவுகோலில் அதிகார இடைவெளி குறைந்த நாடுகளில் நெதர்லாந்தும் ஒன்று. 1977 மார்ச் 27, டெனரிஃப் தீவு விமான நிலையம், மூடுபனி. நெதர்லாந்து விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்திலேயே மூத்த பயிற்சியாளர். விமானத்தை ஒரு முறை நகர்த்தப் பார்த்தபோது ‘இன்னும் அனுமதி வரவில்லை’ என்றார் துணை விமானி. கேப்டன் நிறுத்தினார். ஆனால் மறு நிமிடமே, பறக்க அனுமதி கிடைக்காமலேயே வேகமெடுத்தார். துணை விமானி இம்முறை அவரைத் தடுக்கவில்லை. ஓடுபாதையில் எதிரே இன்னொரு விமானம் இருக்கிறதோ என்று விமானப் பொறியாளர் சந்தேகத்தோடு கேட்டார். அதெல்லாம் விலகிவிட்டது என்றார் கேப்டன், அழுத்தமாக. பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். அட்டவணையை மட்டும் படித்தவர், அந்த அறையில் அப்படி ஒரு மௌனம் வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

விமானத் துறை இதிலிருந்து கற்றுக்கொண்டு, 1979இல் நாசா நடத்திய ஒரு பயிலரங்கில் தொடங்கி, விமானி அறையில் எல்லோரும் பேசும் பயிற்சியை உருவாக்கியது. அந்தப் பயிற்சி எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. கீழே இருப்பவருக்கு எப்படிச் சொல்வது என்றும், மேலே இருப்பவருக்கு எப்படிக் கேட்பது என்றும் கற்றுத் தருகிறது. பிற்பாடு கப்பலுக்கும் வந்தது, நானும் படித்தேன். உங்கள் நிறுவனத்தின் பணத்தை நான் செலவிடுவதாக இருந்தால் அதில்தான் போடுவேன், முதல் பயிற்சியை மேலாளர்களுக்குத்தான் கொடுப்பேன். அட்டவணை வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘உங்கள் பழைய அலுவலகத்தில் இதை எப்படிச் செய்வீர்கள்?’ என்று ஒருவரிடம் கேட்கத் தூண்டினால் அது நல்ல அட்டவணை. அந்தக் கேள்வியைக் கேட்காமலே பதிலைக் கொடுத்துவிட்டால் கெட்டது.

“என் குழுவில் இரண்டு பேர், இரு வேறு நாட்டவர், இரண்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் எல்லா மின்னஞ்சலிலும் எனக்கு நகல் போடுகிறார். மற்றவர், ‘என்னை உங்களிடம் மாட்டிவிடுகிறார்’ என்கிறார். இருவரும் நல்ல வேலைக்காரர்கள். யாரிடம் முதலில் பேசுவது?”
*வாசகர், குழுத் தலைவர்*

நகல் போடுகிறவரிடம். குற்றம் சாட்டாமல், ‘எனக்கு நகல் போடுவது எதற்காக?’ என்று மட்டும் கேளுங்கள். நான் ஊகிப்பது இது: அவர் இதற்கு முன் இருந்த இடத்தில், மேலாளருக்குத் தெரியாமல் ஒரு கடிதம் போனாலே குற்றமாக இருந்திருக்கும். அவருக்கு நகல் என்பது ஒழுங்கு. மற்றவர் இருந்த இடத்தில் மேலாளரை ஏதாவது பெரிதாக முற்றிய பிறகுதான் உள்ளே இழுப்பார்கள். அவருக்கு நகல் என்பது புகார். ஊகம்தான். அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

இதில் உங்கள் பங்கும் இருக்கிறது. எந்த மின்னஞ்சலில் உங்களுக்கு நகல் வேண்டும், எதில் வேண்டாம் என்று நீங்கள் ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். முதலாமவரிடம் பேசிய பிறகு, இரண்டாமவரிடம் அவர் சொன்ன காரணத்தை அவருடைய அனுமதியோடு சொல்லுங்கள். பிறகு இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, இனி நகல் எப்போது என்று மூவருமாக முடிவு செய்யுங்கள். ‘தாமதம் வந்தால், செலவு கூடினால், வாடிக்கையாளர் கோபப்பட்டால்’ என்பது போல நாலு வரி போதும். சமாதானம், நட்பு என்றெல்லாம் அந்தக் கூட்டத்தில் பேசாதீர்கள். இரண்டு மாதக் கசப்பு உள்ளவர்களுக்கு அது கூச்சமாக இருக்கும். நாலு வரியை எழுதி முடித்ததும் எழுந்து வந்துவிடுங்கள், அவர்கள் இருவரும் அறையில் இருக்கட்டும்.

எதற்காக நகல் போட்டாராம் என்று எனக்கு எழுதுங்கள். என் ஊகம் தப்பாக இருந்தால் அடுத்த மாதம் இதே பக்கத்தில் திருத்திக்கொள்கிறேன்.